விடுதியிலிருந்து வந்த பிள்ளை

பல்கலைக்கழகம் சென்ற மகன் முதல் விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறான். சாப்பாட்டில் நாட்டமில்லை, இரவில் திடுக்கிட்டு எழுகிறான், திரும்பிப் போகும் நாள் நெருங்க, வயிற்றுவலி என்கிறான். பெற்றோரே, படிப்பில் கள்ளம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பகிடிவதையாக இருக்கலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஈராண்டு வரையும், பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைந்தால் பத்தாண்டு வரையும் சிறை விதிக்கிறது. ஆயினும் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயருக்கு அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. போரில் உறவுகளை இழந்த வீடுகளிலோ, அம்மாவின் பழைய துயரைக் கிளறக்கூடாதென்றே மௌனம் காக்கும் பிள்ளைகளும் உண்டு.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார் (1 அரசர் 19). வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி அப்பமும் நீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னார். ஆண்டவர் கேள்வி கேட்டதோ நாற்பது நாள் கழிந்து, ஓரேபு மலையில்!

ஆகவே முதலில் சோறும் தூக்கமும். விசாரணை பிறகு. "செபமாலை சொல்லு, சரிவரும்" என்று அனுப்பிவிடாமல், அவனோடு இருந்து சொல்லுங்கள். வாரங்கள் கடந்தும் கலக்கம் தீராவிடில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது.