காதுக்குள் ஒரு ஸ்பீக்கர்: வாங்குமுன் சோதிப்பது எப்படி?



பஸ்ஸில், ஹாஸ்டலில், ஒர்க்‌ஷாப் வாசலில் என எங்கு பார்த்தாலும் நம் காதுகளில் இயர்போன்தான். "பேஸ் எப்படிடா?" என்று கேட்கிறோமே தவிர, அது காதுக்கு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. நான் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டிப்ளமோ படிக்க வந்தவன். காதுக்குள் செருகும் விலை உயர்ந்த இயர்போனை எப்படி எடைபோடுவது என்பதை நான் அறிந்தவரை எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரும்பாலானவற்றில் நாம் படிக்கும் லவுட் ஸ்பீக்கர்தான் சிறிய உருவில் இருக்கிறது: காந்தம், காயில், டயஃப்ரம். இதை டைனமிக் டிரைவர் என்பார்கள். இன்னொரு வகை பேலன்ஸ்டு ஆர்மேச்சர். இதில் காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு அதிரும். காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த முறை இது. அமெரிக்காவின் எட்டிமோடிக் ரிசர்ச் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட இ.ஆர்.-4 இந்த வகைதான். காதுத் துளையை நன்றாக அடைத்து, வெளிச் சத்தத்தைத் தடுத்து, குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்க வைப்பது அதன் சிறப்பு.

1. அணியும் சுகம்

கடையில் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தால் போதாது. அரை மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும். வாயை அசைத்துப் பாருங்கள், தலையை ஆட்டிப் பாருங்கள். கழன்றாலோ வலித்தாலோ டிப் அளவு சரியில்லை. நம் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்பதும் இல்லை. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று வேறு அளவு டிப் போடுவதில் வெட்கம் எதுவும் கிடையாது.

2. கட்டமைப்பு

ஒயர் பெரும்பாலும் அறுவது பின் அருகிலும், காதுப்பகுதியில் நுழையும் இடத்திலும்தான். அங்கே வளைவைத் தாங்கும் ரப்பர் இருக்கிறதா பாருங்கள். கழற்றி மாட்டும் ஒயர் என்றால் ஒயர் மட்டும் மாற்றினால் போதும், காசு மிச்சம். ஒயரை விரலால் தட்டிப் பாருங்கள். அந்த 'டொக் டொக்' காதுக்குள் அதிகம் கேட்டால் நடக்கும்போது தொல்லை. காதுமெழுகு உள்ளே போகாமல் தடுக்கும் சிறு வலை இருப்பதும் அவசியம்.

3. ஒலி

நூறு முறை கேட்ட பாட்டையே போட்டுக் கேளுங்கள். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி வழியில் ஓடும். அது தபேலாவோடு குழம்பாமல் கேட்கிறதா? பாடுகிறவர் 'ச', 'ஸ' சொல்லும்போது காது கூசுகிறதா? இரண்டை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் சமமாக வையுங்கள். சத்தம் கூடியது எதுவோ அதுவே நல்லது போலத் தோன்றும். அது வெறும் ஏமாற்று. பேஸ் குறைவாக இருந்தால் உடனே இயர்போனைக் குறை சொல்லாதீர்கள். டிப் சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான்.

4. தறிக்கூடச் சோதனை

கும்மிடிப்பூண்டியில் வேலை செய்யும் எங்க மாமா பையனின் இயர்போனை வாங்கி, தறிக்கூட வாசலில் சோதித்தேன். அதே போன், அதே பாட்டு. டிப்பை மட்டும் மாற்றினேன். தளர்ந்த சிலிக்கான் டிப்பில் பாட்டு தெளிவாகக் கேட்க, 15 படிகளில் 12 வரை ஏற்ற வேண்டியிருந்தது. நுரை டிப்பில் 7 போதும். அதே இயர்போன், விலையும் அதேதான். காதுக்குப் போகும் சத்தம்தான் வேறு.

இது ஏன் முக்கியம்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணிதான். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. தறியோ மெஷினோ ஓடும்போது பாட்டு கேட்கக் கூடாது. விசைத்தறிக் கூடத்தின் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். அதோடு பாட்டும் சேர்ந்தால் காதுக்கு இரட்டைச் சுமை. பக்கத்தில் இருப்பவர் கத்துவதும் கேட்காது. அங்கே போட வேண்டியது காதடைப்பான்தான்.

எங்க அப்பா முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறார். எதிரில் நின்று பேசினாலும் என் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார். அவருக்கு அது பிழைப்பால் வந்தது. நமக்குப் பாட்டால் வரலாமா?

நண்பர்களே! நாளை சிப்காட்டில் டிரெய்னியாக நிற்கும்போது, பேரிங் தேய்வதைப் பல சமயம் காதும் சொல்லும். ஸ்பேனரைப் போல காதும் நமக்கு ஒரு கருவி. ஆனால் அதற்கு ஸ்பேர் கிடையாது. எனவே, எவ்வளவு சத்தமாகப் பாடுகிறது என்று பார்த்து வாங்காமல், எவ்வளவு குறைந்த சத்தத்தில் தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்து வாங்குவோம்!