ஊசிக்குக் கிடைக்கும் அனுமதி

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. பிள்ளை பிறந்தபின் பின்னலும் நின்றுவிட்டது, வாசிப்பும் நின்றுவிட்டது, ஒன்றையாவது மீட்பதென்றால் எதை மீட்பது என்று கேட்டிருந்தாய். ‘இரண்டையும்’ என்று சொல்லிவிடுவது சுலபம், அது பதிலாகாது. நான் சொல்வது இதுதான்: கம்பளி நூலை உதிரி நிமிடங்களுக்கு விட்டுவிடு. புத்தகத்துக்கு வாரத்தில் ஒரு முழு மணி நேரத்தை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி, கேட்டு வாங்கிக்கொள். இதில் உனக்குச் சிரமம் தரப்போவது பின்னதுதான். அதற்கு உன் சோம்பலையோ கைபேசியையோ குறை சொல்லாதே. கையில் ஊசி இருக்கும் பெண்ணை வீடு வேலை செய்கிறவளாகப் பார்க்கிறது. கையில் புத்தகம் இருக்கும் பெண்ணைச் சும்மா இருக்கிறவளாகப் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் கால அட்டவணை போட்டுப் பயனில்லை.

முதலில் நேரக் கணக்கு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2019-இலும் 2024-இலும் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தின நாள் விடியற்காலை 4 மணி தொடங்கி அடுத்த 4 மணிவரை என்னென்ன செய்தீர்கள் என்று அரை அரை மணியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது 2024-இல் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வதில் பெண்கள் 137, ஆண்கள் 75. இவை ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே. அன்றைக்குத் துடைப்பத்தைத் தொடாத ஆண்கள் அந்த 88-க்குள் வரவே இல்லை. பெண்களின் வீட்டு வேலைச் சராசரி 2019-இல் 299 ஆக இருந்தது. மிக்ஸி, வாஷிங் மெஷின், வீட்டு வாசலில் பத்து நிமிடத்தில் வந்து நிற்கும் மளிகை எல்லாம் சேர்ந்தும் ஐந்தாண்டில் பத்து நிமிடம்தான் குறைந்தது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் விதிமுறைகளில் ஒன்று. ஓர் அரை மணிக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், 10 நிமிடமாவது நீடித்தவற்றைத்தான் பதிவு செய்வார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை கிடைக்கும் நாலு நிமிடம், பள்ளி வேன் தாமதமாகும் ஆறு நிமிடம், பிள்ளை தூங்கிவிட்டதா என்று உறுதியாகும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டு நிமிடம் எதுவும் அந்த ஏட்டில் ஏறாது. கைக்குழந்தைக்காரியின் ஓய்வு பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது. ‘எனக்கு நேரமே இல்லை’ என்று நீ சொல்வது முழு உண்மையில்லை. முழுசாக நேரமில்லை என்பதுதான் உண்மை.

சில்லறையாக வரும் இந்த நிமிடங்களைப் பின்னல் தாங்கும். ஒரு வரி சீதா (நேர்), மறு வரி உல்டா (எதிர்) என்று போகும் உடம்புப் பகுதியில், வரியை முடித்துவிட்டு ஊசியை வைத்தால் போதும். பால் பொங்கினாலும் பிள்ளை எழுந்துவிட்டாலும் விட்ட இடம் ஊசியிலேயே நிற்கும். திரும்பி வந்து நினைவுபடுத்திக்கொள்ள ஒன்றுமில்லை. வழவழப்பான பக்கம் உன்னைப் பார்த்திருந்தால் சீதா, முடிச்சு முடிச்சான பக்கம் பார்த்திருந்தால் உல்டா. எல்லாப் பின்னலும் இவ்வளவு பொறுமையானதில்லை. கேபிள் டிசைன் போட்டால் எத்தனையாவது வரியில் கண்ணிகளைக் குறுக்கே மாற்றுவது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கை வைக்கும் இடத்தில் கண்ணி குறைக்கும் கணக்கு உண்டு. கழுத்துக்குக் கண்ணி எடுப்பதைப் பாதியில் விட்டுப் போனால் திரும்ப எண்ணி மாளாது. ஆகவே இந்தக் குளிர்காலத்தில் உன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டாம். 12-ஆம் நம்பர் ஊசியில் பார்டர், 10-ஆம் நம்பரில் உடம்பு, ஒரே நிறம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம், உனக்கு ஒத்துவரும்.

வாசிப்பு அப்படித் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்காது. இருபதாம் பக்கத்தில் வந்துபோனவன் நூறாம் பக்கத்தில் திரும்பி வரும்போது அவனை அடையாளம் காண வேண்டியது உன் மனம்தான். செருகி வைத்த அட்டை பக்க எண்ணை மட்டுமே காப்பாற்றும். ‘நம் பெண்கள் துண்டு துண்டாகப் படித்தவர்கள்தானே’ என்று நீ கேட்பாய். படித்தார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் படித்து முடிக்கக்கூடிய அளவில் ஒவ்வொரு அத்தியாயமும் அமைந்தது. அதற்கு ஓர் ஏற்பாடு துணையாக இருந்தது. பக்கத்து வீட்டிலும் அதே இதழ் வந்தது. கிணற்றடியிலும் மாடியிலும் வந்தியத்தேவனைப் பற்றிய பேச்சு வாரம் முழுக்க ஓடியது. ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி நினைவில் வைத்திருந்தாள். தில்லி துவாரகாவில் எட்டாவது மாடியில் உனக்கு அந்தத் துணை கிடையாது. துண்டு நிமிடத்தில் ஒரு கவிதை படிக்கலாம், தலையங்கம் படிக்கலாம். நாவலுக்கு அது பற்றாது, நல்ல சிறுகதைக்கும் பற்றாது.

வங்காளத்து ராஸசுந்தரி தேவியைச் சிலர் இதற்கு எதிர்வாதமாகக் காட்டுவதுண்டு. பன்னிரண்டு வயதில் கல்யாணம், பன்னிரண்டு பிள்ளைகள், பெரிய குடும்பத்தின் சமையல் முழுவதும் அவர் தலையில். அவர் சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டை அடுக்களையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுத்தறிந்தார். பின்னாளில் அவர் எழுதிய ‘ஆமார் ஜீபன்’ வங்க மொழியில் வந்த முதல் தன்வரலாறு. ‘அவராலேயே முடிந்தது, உன்னால் முடியாதா’ என்று இந்தக் கதையைச் சொல்லி இளம் தாய்மாரை வாயடைப்பது எனக்குப் பிடிக்காது. எழுத்துகளைக் கூட்டிக் கற்க அவருக்கு ஆண்டுக் கணக்கில் ஆனது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே அத்தனை காலமும் போனது. அவருடைய உறுதிக்குத் தலை வணங்கலாம். அந்த நிலைமையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. படிப்பதை ஒளிக்க வேண்டியிருந்தது என்பதுதான் அந்தக் கதையில் நான் காணும் சாட்சியம். அவர் அடுக்களையில் உட்கார்ந்து கந்தல் தைத்திருந்தால் ஒளிக்க வேண்டி வந்திருக்காது.

இனி தில்லிக்கு வருகிறேன். மதிய இடைவேளையில் அரசு அலுவலகப் புல்வெளிகளில் வெயில் காய்ந்தபடி பின்னிய பெண்கள் இந்த ஊர்க் குளிர்காலத்தின் அடையாளமாகவே இருந்தார்கள். ‘வேலை நேரத்திலும் பின்னுகிறார்கள்’ என்று கேலி பேசிய ஆண்கள், வீட்டுக்குப் போய் மனைவி பின்னிய ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டார்கள். கேலி இருந்ததே தவிரத் தடை இல்லை. அதற்குக் காரணம் அந்தப் பின்னல் கடைசியில் யார் தோளில் ஏறியது என்பதுதான்: கணவன், பிள்ளை, மாமனார், நாத்தனாரின் கைக்குழந்தை. பொருள் அடுத்தவருக்குப் போகும்வரை பெண் உட்கார்ந்திருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வாசிப்பில் விளைவது படித்தவள் மனத்திலேயே தங்கிவிடுகிறது. பிறருக்குக் காட்ட ஒன்றுமில்லை. அதனால்தான் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் “சும்மாதானே இருக்கிறாய், ஒரு காபி கொடு” என்று கேட்க யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. நீ பின்னலைப் பிடித்துக்கொண்டு வாசிப்பை விட்டால் வீட்டில் எல்லோருக்கும் சௌகரியம். எனக்கு அதில்தான் சந்தேகம்.

ஸ்வெட்டர் பின்னுவதே வீண் என்பார்கள், அதையும் பார்த்துவிடலாம். லூதியானாவில் மெஷின் பின்னிய ஸ்வெட்டர் நல்ல நூல் வாங்கும் விலைக்கே கிடைக்கிறது. பள்ளிச் சீருடை ஸ்வெட்டரைக் கடையில்தான் வாங்கியாக வேண்டும். காசுக் கணக்கில் கைப்பின்னல் தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தோற்றதில் ஒரு லாபமும் இருக்கிறது. வீட்டுக்கு அது தேவையில்லை என்று ஆனபின் அது கடமையாக இருக்க முடியாது. பிடித்திருந்தால் செய், இல்லாவிட்டால் விடு. உலகெங்கும் 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னலை விரும்புகிறவர்களிடமே கேட்டால் வேறென்ன சொல்வார்கள் என்று நீ மடக்கலாம், நியாயம்தான். அதனால் அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதே. முதல் ஸ்வெட்டரை உனக்கே பின்னிக்கொள் என்பது மட்டும் என் பிடிவாதம். மொட்டை மாடியில் உட்கார்ந்து பின்னும் ஆசை இருந்தால் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டுப் போ. நவம்பர், டிசம்பரில் இந்த ஊர்க் காற்று நுரையீரலுக்கு ஆகாது.

அடுத்த எதிர்வாதம் உன் தலைமுறையுடையது. ஒலிப்புத்தகத்தைக் காதில் போட்டுக்கொண்டே பின்னினால் இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்துவிடாதா? சீதா, உல்டா போகும் இடத்தில் முடியும். கேட்பது படிப்பதற்குக் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம் இலக்கியத்தில் பாதி காதால் கேட்டு வளர்ந்தது. என் ஆட்சேபம் வேறு. கை ஓய்வில்லாமல் அசைந்துகொண்டிருக்கும்வரை உன் வாசிப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. வீட்டார் பார்வையில் நீ அப்போதும் பின்னிக்கொண்டுதான் இருக்கிறாய். காதில் இருப்பதை எடுத்துவிட்டு எழுந்து வா என்று சொல்வது அவர்களுக்கு எளிது. உழைப்புக்கு அடியில் வாசிப்பை மறைத்து வைப்பது ராஸசுந்தரியின் அடுக்களையைக் கைபேசிக்கு மாற்றியதுபோல ஆகிவிடும். கேள், தாராளமாகக் கேள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதே.

‘பிள்ளையை விட்டுவிட்டா?’ என்ற கேள்வி பெரியவர்களிடமிருந்து வரும். அதைவிட அதிகமாக உனக்குள்ளிருந்தே வரும். வாரத்தில் ஒரு மணி நேரம் அப்பாவோடு இருப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. முன்னே சொன்ன 75-ஐயும் 137-ஐயும் வைத்துப் பார்த்தால் அது அப்பாவுக்கும் வரவு. அவர் குருகிராமிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேர்கிறார் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் தினமும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை கேட்கச் சொல்கிறேன். பெண்கள் எழுதவும் படிக்கவும் முடிந்த இடங்களைப் பார்த்தால் பின்னால் யாரோ ஒருவர் கை கொடுத்திருப்பார். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் சொல்லச் சொல்ல முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தியதும் 115 நாவல்களும் வந்தன. பதினைந்து வயதில் மணமான ராஜம் கிருஷ்ணன் 1973-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். இவர்களைப் பார்த்து நீயும் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிப்பவள் எழுத்தாளராகிக் காட்டினால்தான் அவள் படித்த நேரத்துக்கு மன்னிப்பு என்பதும் மறுபடி விளைபொருள் கேட்கும் கதைதான். ஒன்றும் விளையாமல் படி.

எப்படிக் கேட்பது? “நேரம் கிடைத்தால் படிக்கிறேன்” என்று சொல்லாதே, கிடைக்காது. ஞாயிறு 11 முதல் 12 வரை என்று மணி சொல்லிக் கேள். முடிந்தால் வீட்டை விட்டு வெளியே போய்விடு. அறைக் கதவு மூடியிருந்தாலும் பிள்ளையின் குரல் உள்ளே வரும். ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது. போகும் முன் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019-இலிருந்து மகிளா ஹாட்டில் நடக்கிறது. அங்கே போனால் ஒரு மணி நேரம் மூன்றாகிவிடும், அதனால் மாதத்தில் ஒரு நாள் போதும். எடுத்தவுடன் தடித்த நாவல் வேண்டாம். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் தொடங்கு. ஒரு மணிக்குள் முடியும், அடுத்த ஆறு நாள் அடுக்களையில் உன்னோடு வாதம் செய்யும். பிறகு ஆதவனின் ‘காகித மலர்கள்’, இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’. இரண்டும் இந்த ஊரின் கதை. இங்கே இத்தனை வருஷம் இருந்தும் நீ உள்ளே போய்ப் பார்க்காத தில்லி அவற்றில் இருக்கிறது.

உடம்புப் பகுதியும் கைகளும் தை மாதத்துக்குள் முடிந்துவிடும். கழுத்துக்கு எப்படியும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டும். அதற்கு ஞாயிறு 11 மணியை எடுத்துக்கொள்ள உனக்குத் தோன்றும். எடுக்காதே. ஊசியோடு அப்படியே பையில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பு, கழுத்தை நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை