இரட்டைச் சொல்லில் அழுத்தம் எங்கே?

எங்கள் ஞாயிறு வகுப்புக்கு வரும் ஒரு தம்பி போன மாதம் வேலை நேர்முகத்துக்குப் போனான். 'ஓல்ட்-ஃபேஷன்ட்' என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லியும் எதிரே இருந்தவர் "பார்டன்?" என்றாராம். "எனக்கு இங்கிலீஷே வராது அண்ணே" என்று சோர்ந்து போய்விட்டான். சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஓல்-டு-ஃபே-ஷ-னெட். மூன்று அசைச் சொல் அவன் வாயில் ஐந்தாகிவிட்டது!

ஆங்கிலத்தில் காதில் விழும் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. நம் யாப்பில் 'மலர்' ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு. அதனால் தமிழ்க் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எழுத்தையும் நம்ப வேண்டாம். கடைசியில் வரும் 'இ-டி', பெரும்பாலும் ட், ட ஒலிக்குப் பின்னால்தான் தனி அசையாகும். லெஃப்ட்-ஹேன்-டிட் மூன்று, வெல்-ட்ரெஸ்ட் இரண்டுதான். சொல்லின் முடிவில் நாம் ஒட்டும் 'உ'வையும் விட்டுவிடணும். நமக்கு அதுதான் பெரிய தொல்லை.

இனி அழுத்தம். அகராதியில் போடுவது போல, அழுத்தும் அசைக்கு முன்னால் ஒரு சிறு கோடு போடுகிறேன். இத்தகைய இரட்டைப் பெயரடைகள் பலவற்றில் அழுத்தம் இரண்டாம் பாதியில் விழும்: ஓல்ட்-'ஃபே-ஷன்ட், பேட்-'டெம்-பர்ட், லெஃப்ட்-'ஹேன்-டிட்.

ஆனால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் கதை மாறும். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு அல்லவா? "லங்காவி இஸ் டியூ-டி-'ஃப்ரீ" என்போம். அதையே "எ 'டியூ-டி-ஃப்ரீ 'ஐ-லண்ட்" என்னும்போது அழுத்தம் முன்னால் ஓடிவிடுகிறது. இரண்டு பலத்த தட்டு பக்கத்தில் பக்கத்தில் விழுவது ஆங்கிலக் காதுக்குப் பிடிக்காது. 'லெஃப்ட்-ஹேன்-டிட் 'ப்ளே-யர் என்பதும் அப்படியே. மேசையில் தட்டிக்கிட்டே சொல்லிப் பாருங்க, கை தானாகவே கண்டுபிடிக்கும்.

எல்லாமே இப்படி இல்லை. 'ஹோம்-சிக், 'ஹார்ட்-ப்ரோ-கன் இரண்டும் எங்கே வந்தாலும் முதல் பாதியிலேயே அழுத்தம். இவற்றுக்கு அகராதியைப் பார்ப்பதே நல்லது.

பயிற்சிக்கு மூன்று: வெல்-நோன், கைண்ட்-ஹார்டட், செகண்ட்-ஹேண்ட். தனியாக ஒரு தடவை, 'சிங்கர்', 'டீச்சர்', 'கார்' சேர்த்து ஒரு தடவை சொல்லுங்க. அந்தத் தம்பிக்கும் இதே வீட்டுப்பாடம்தான். அடுத்த நேர்முகம் புதன்கிழமை.