கணினி வரைபடத்தில் கூட்டலும் பிரித்தலும்

அம்பர்நாத், டோம்பிவலி வட்டாரத் தொழிற்கூடங்களில் நம் பிள்ளைகள் பலர் கணினியில் டிராயிங் போடுகிறார்கள். கட்டளைகள் விரைவில் பழகிவிடும். எதை எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் தடுமாற்றம். ஆட்டோகேட் மென்பொருளை வைத்து அதைப் பார்ப்போம். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடிலும் அடிப்படை இதுவே.

முப்பரிமாண உருவங்களுக்கு முக்கியமான கட்டளைகள் நான்கு:

1. யூனியன் – பல உருவங்களை ஒன்றாக்கும்.
2. சப்ட்ராக்ட் – ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். எதிலிருந்து கழிப்பது என்பதை முதலில் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறும்.
3. இன்டர்செக்ட் – இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் நிறுத்தும்.
4. ஸ்லைஸ் – ஒரு தளத்தால் இரண்டாக வெட்டும்.

முதல் மூன்றின் அடிப்படை, ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் (1815–1864) வகுத்த தர்க்கக் கணிதம்.

ஒரு கணக்கு பாருங்கள். 200 × 100 × 20 மி.மீ. எஃகுத் தகடு, கன அளவு 400 க.செ.மீ. அதன் அடிமட்டத்திலிருந்து 80 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. உயரமும் கொண்ட உருளை எழுகிறது, அது 402.1 க.செ.மீ. இரண்டும் சேர்ந்து 802.1 என்று எழுதினால் தவறு. தகட்டுக்குள் புதைந்துள்ள 100.5 க.செ.மீ. இருமுறை எண்ணப்பட்டுவிட்டது. யூனியன் செய்தால் சரியான 701.6 கிடைக்கும். நடுவே 50 மி.மீ. துளையைக் கழித்தால் (157.1) மிச்சம் 544.5. க.செ.மீ.க்கு 7.85 கிராம் வீதம் எடை சுமார் 4.27 கிலோ. யூனியனை விட்டுவிட்டுத் தனித்தனியே கூட்டினால் ஏறத்தாழ 790 கிராம் கூடுதலாக வரும். எடைக்கு விலை பேசும் வேலையில் இது காசு விஷயம். மாஸ்ப்ராப் கட்டளையால் கன அளவைச் சரிபார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. ரயில் சக்கரத்தின் துளை அச்சைவிட மயிரிழை சிறியது. அழுத்த இயந்திரத்தால் ஏற்றுவார்கள். அச்சும் சக்கரமும் தனிப் பாகங்கள், தனி டிராயிங், தனி அளவு. யூனியன் செய்தால் அந்த நுண்ணிய அளவே மறைந்துவிடும். இத்தகைய பாகங்களைத் தனித்தனியே வைத்துப் பொருத்திக் காட்ட வேண்டும். அவை எங்கே மோதுகின்றன என்று பார்க்க, நகல் எடுத்து இன்டர்செக்ட் செய்யலாம். மூல உருவத்தில் செய்தால் பொதுப்பகுதி மட்டுமே மிஞ்சும்.

நம் ஊர்ச் சிவன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கொண்ட அது கல்மேல் கல் வைத்துக் கட்டியது. ஒவ்வொரு கல்லும் தனிப் பாகம். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களோ பாறையைக் குடைந்து கழித்தெடுத்தவை.

பிரித்தலுக்கு ஓர் எச்சரிக்கை. கணினியில் ஸ்லைஸ் வெட்டுக்குத் தடிமன் கிடையாது; ரம்பம் இரும்பைத் தின்னும். பேரிங் தாங்கும் பிளம்மர் பிளாக்கைத் துளையிட்டபின் நடுவே அறுத்தால், மீண்டும் சேர்க்கையில் துளை வட்டமாக இராது. ஆகவே பட்டறையில் இரு பாதிகளின் பொருந்துமுகத்தைச் சமமாக்கி, போல்ட்டால் இறுக்கி, பிறகே துளையைக் கடைவார்கள். டிராயிங்கிலும் அந்தக் குறிப்பை எழுதுங்கள்.

பயிற்சி: மேலே சொன்ன உருவத்தில் துளையை முதலில் உருளையிலிருந்து மட்டும் கழித்து, பிறகு தகட்டோடு யூனியன் செய்து பாருங்கள். தகட்டுக்குள் துளை அடைபட்டிருக்கும். ஏன் என்று யோசித்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.