மணியின் மூக்கும் உன் கையிலிருக்கும் திரையும்

அன்புள்ள கயல்,

உன்னையும் உன் நாய் மணியையும் தேடுதல் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். பேசும்போதே அவன் குரல் தழுதழுத்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது.

எந்த ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் குழுவில் மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்கு. பேட்டரி மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் நாய் விலகிப் போனால் இன்னொருவர் கருவியிலும் பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை. மணி ஓடிய பாதையாகத் திரையில் விழும் கோட்டை எவ்வளவு நம்புவது என்பதைத்தான் நீ கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இருக்கும் மெய்ன் மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2013 ஜூலை 22 அன்று, அப்பலாச்சியன் நடைபாதையில் தனியாக வந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண்மணி ஒருவர் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகினார். திரும்பி வர வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவேயில்லை. வனக்காவலர்கள், தன்னார்வலர்கள், விமானங்கள், நாய்கள் எல்லாம் சேர்ந்து பெரிய தேடுதல் நடந்தது. அவருடைய நாட்குறிப்பில் கடைசித் தேதி ஆகஸ்ட் 18. கூடாரமும் எச்சங்களும் 2015 அக்டோபரில்தான் கிடைத்தன. தேடுதலின்போது நாய்க்குழுக்கள் அந்தக் கூடாரத்துக்கு ஏறத்தாழ 100 கஜம், அதாவது சுமார் 90 மீட்டர் வரை வந்து கடந்துபோயிருந்தன.

கொலம்பியாவிலும் இப்படித்தான். 2023 மே 1 அன்று அமேசான் காட்டில் ஒரு சிறுவிமானம் விழுந்து, தப்பிய நான்கு பிள்ளைகளை 40 நாள் கழித்து உயிரோடு மீட்டார்கள். பிள்ளைகள் கிடைத்த இடத்துக்கு 20 முதல் 50 மீட்டர் அருகிலேயே தேடியவர்கள் முன்பு ஓரிரு முறை போயிருந்ததாக, தேடுதலை நடத்திய ஜெனரல் பெத்ரோ சாஞ்சேஸ் பின்னால் சொன்னார்.

இதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். அடர்காட்டில் 90 மீட்டர் என்பது பெருந்தொலைவு. ஆனால் வரைபடத்தில் அதே 90 மீட்டரைப் பார். கோடு அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போனது போலவே இருக்கும். பார்ப்பவர், “இங்கே தேடியாயிற்று” என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். கோடு சொல்வது, நாய் எங்கே ஓடியது என்பதை மட்டும். அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது அதில் இல்லை.

மனித வாடை ஆளிடமிருந்து கூம்பு போல விரிந்து காற்றோடு போகும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அது திறந்தவெளிக்குச் சரி. நெருக்கமான ஊசியிலைக் காட்டுக்குள் காற்று ஏறக்குறைய நின்றுவிடும். வாடை பள்ளங்களில் தேங்கும். உச்சிவெயிலில் சூடேறிய காற்றோடு மேலே எழும்பி, நாயின் தலைக்கு மேலாகப் போய்விடும். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஓடைவழியே வாடையைக் கொண்டுபோகும். அதனால் காலையில் ஒன்றும் காட்டாத சரிவைச் சாயங்காலம் மறுபடி தேடத் தயங்காதே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறையும், மணி எதையாவது காட்டும்போதெல்லாமும், சின்னக் குப்பியிலிருந்து பவுடரை ஒரு தடவை பீய்ச்சிப் பார். அது போகும் திசையையும் நேரத்தையும் குறித்துவை.

இனி கருவிக்கு வருகிறேன். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. சிக்னல் தரைக்கு வரும்போதே மெலிந்திருக்கும். மழையில் நனைந்த இலைகள் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மிச்சம் அடிமரத்திலும் பாறையிலும் பட்டுத் தெறித்து, சுற்றுவழியாக வரும். கருவி அதையும் நேர்வழி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். வெட்டவெளியில் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டுவது, அடர்காட்டில் 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டலாம். மணி ஓடைக்கு எந்தப் பக்கம் போனான் என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதே.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அது இடையில் அறுபடாமல் கிடைத்தால்தான் கருவிக்குப் பயன். ஆகவே வண்டி நிறுத்துமிடத்தில், வானம் தெரியும்போதே பட்டையையும் கைக்கருவியையும் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவை. பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கு. தளர்ந்திருந்தால் சுழன்று, பிடரியில் இருக்க வேண்டிய ஆன்டெனா தொண்டைக்குக் கீழே போய்விடும்.

பட்டை தன் இடத்தை உன் கைக்கருவிக்குச் சொல்வது செயற்கைக்கோள் வழியாக அல்ல, ரேடியோ வழியாக. நடுவில் ஒரு மேடு வந்தால் போதும், தகவல் நின்றுவிடும். அப்போது திரையில் இருப்பது மணியின் கடைசி இடம். அங்கே ஓடாதே. மேட்டின் மேல் ஏறி நில், மறுபடி சிக்னல் கிடைக்கும்.

கொலம்பியத் தேடலில் வில்சன் என்றொரு நாய் இருந்தான், பெல்ஜியன் மாலினுவா. பிள்ளைகளின் தடத்துக்கு அருகே அவன் காலடியும் பதிந்திருந்தது. பிள்ளைகள் கிடைத்தார்கள், அவன் கிடைக்கவில்லை. வீரர்கள் அதன்பிறகும் காட்டில் தங்கித் தேடினார்கள், பயனில்லை. அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். மணியும் அப்படித் தொலைந்துபோகாமல் இருக்க, பட்டையின் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் அவனை வெளியே கூட்டி வா. யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதே.

ஆனால் பட்டை இருக்கிறது என்று கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு நடக்காதே. வாடை படும்போது மணி என்ன செய்வான் என்று உனக்குத் தெரியும்: மூக்கைத் தரையிலிருந்து எடுப்பான், தலை வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பும், வால் ஆட்டம் நிற்கும், வாயை மூடிக்கொள்வான். பட்டை இடம் சொல்வது இரண்டு, இரண்டரை விநாடிக்கு ஒருமுறை. இவ்வளவும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முடிந்துவிடும். நீ பார்த்தால்தான் உண்டு. பார்த்ததும் அந்த இடத்தைக் கருவியில் குறி. தலை திரும்பிய திசையையும் காற்றின் திசையையும் நோட்டில் எழுது. இப்படி மூன்று இடங்களிலிருந்து வரையும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் தரும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன்.

ரேடியோவில் இடம் சொல்லும்போது எந்த முறையில் சொல்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல். 44 பாகை 54.5 நிமிடம் என்பதை 44.545 பாகை என்று யாராவது எழுதிவிட்டால் ஆட்கள் 40 கி.மீ. தெற்கே போய் நிற்பார்கள். காகித வரைபடமும் காம்பஸும் பையில் இருக்கட்டும். உங்கள் பக்கம் காம்பஸ் முள் உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 15 பாகை மேற்கே சாயும். அதைக் கழிக்காமல் ஒரு கி.மீ. நடந்தால் 260 மீட்டர் விலகிவிடுவாய்.

திரும்பி வந்ததும் கோட்டை இறக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: அந்தப் பகுதியில் ஆள் இருந்திருந்தால் மணி கண்டுபிடித்திருக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு? கோடு நெருக்கமாக, அழகாக இருக்கும். 90 என்று சொல்ல நாக்கு துடிக்கும். நீ 90 என்றால் அந்தக் கட்டத்துக்கு அன்று வேறு யாரும் போக மாட்டார்கள். காற்று நின்றிருந்ததா, மணி களைத்திருந்தானா, புதர் நெருக்கத்தில் ஒரு மூலையை விட்டீர்களா என்று யோசித்து 40 என்று சொல். இன்னொரு குழு அங்கே போகும். புதிதாகச் சேர்ந்தவள் குறைத்துச் சொல்கிறாளே என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் மணியின் கோட்டையும் உன் காற்றுக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பு. எந்த மூலையை மறுபடி தேட வேண்டும் என்று நீ முதலில் எழுது, பிறகு நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா