ஐப்பசி மழை: டீசலில் தண்ணீர் சேராமல் பாருங்கள்

டெல்டா விவசாயிகளின் கவனத்துக்கு: வடகிழக்குப் பருவமழைக் காலம் இது. சம்பா வயலில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஆயில் இன்ஜின் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும். நள்ளிரவில் இன்ஜின் திணறி நின்றால் முதலில் டீசலைச் சந்தேகப்படுங்கள்.

இன்றே செய்ய வேண்டிய சோதனை

டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நல்ல டீசல் தெளிவாகப் பளிச்சென்று இருக்கும். கலங்கியிருந்தாலோ, அடியில் தனியாகத் தண்ணீர் நின்றாலோ, சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையே பழுப்பாகப் பாசிபோல் படர்ந்திருந்தால், அது நுண்ணுயிர்கள் வளர்ந்த கசடு. ஃபில்டரை அடைப்பது இதுதான். டேங்கைக் கழுவி ஃபில்டரை மாற்றுங்கள்.

எதை ஊற்றலாம்?

• பங்க்கில் விற்கும் சாதாரண டீசலே போதும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் கந்தகம் குறைந்த பி.எஸ். 6 டீசல் பழைய இன்ஜினுக்கும் பொருந்தும்.

• மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். பம்புக்கும் நாசிலுக்கும் மசகு டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்தால் அவை தேய்ந்துபோகும்.

• ‘பயோ டீசல்’ என்று சொல்லி பில் இல்லாமல் மலிவாக விற்பதை வாங்காதீர்கள்.

• டெஃப் திரவம் (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல்) தேவைப்படும் வண்டியில் அதை அதற்கென உள்ள தனி டேங்கில் மட்டும் ஊற்றுங்கள். உர யூரியாவைக் கரைத்து ஊற்றவே கூடாது.

சேமிப்பு

• துத்தநாகம் பூசிய டிரம்மில் டீசலை வைக்காதீர்கள். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து உண்டாகும் படிவு ஃபில்டரை அடைக்கும்.

• பேரலைக் கட்டைமேல் ஏற்றி, கூரைக்கடியில் வையுங்கள். மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கினால் மெல்ல உள்ளே இறங்கிவிடும்.

• வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவிடுங்கள். பாதி டேங்கில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீர்த்துளியாகி டீசலில் இறங்கும்.

• வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. கேனைத் தெளியவிட்டு, அடி டீசலை விட்டுவிட்டு மேலே உள்ளதை ஊற்றுங்கள்.

ஃபில்டர் ஒன்றை இன்றே வாங்கி வையுங்கள். அதை மாற்றி ஏர் எடுக்க வீட்டில் இன்னொருவருக்கும் பகல் வெளிச்சத்திலேயே பழக்கிவிடுங்கள். மழை இரவில் மெக்கானிக் வந்து சேரும்வரை பயிர் தண்ணீருக்குள் காத்திருக்காது.