நாற்பது சீட்டுக் கணக்கு

சீட்டாட்டம் என்றதும் முகஞ்சுளிப்போர் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட வேண்டாம். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவரே. தம் தம்பி சீட்டில் ஒரு பசுவையும் கன்றையும் தோற்றதைக் கண்டவர் அவர். எங்கள் வீட்டிற்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. அதனால், வகுப்பில் நிகழ்தகவுக்கு 52 சீட்டுக் கணக்கைப் போட்டபோது ஸ்பேடு எது, கிளாவர் எது என்று தெரியாமல் விழித்தவன் நான். அந்த வெட்கத்தில் நூலகத்தில் தேடப்போய்க் கிடைத்ததுதான் அர்ஜென்டினா நாட்டுச் சீட்டு.

அந்நாட்டில் வழங்குவது ஸ்பெயின் வழிச் சீட்டு. பொன் நாணயம், கிண்ணம், வாள், தடி என நான்கு இனங்கள். ராணி கிடையாது. 10 பணியாள், 11 குதிரைவீரன், 12 அரசன். காலனி ஆட்சியில் சீட்டு வியாபாரம் ஸ்பெயின் மன்னரின் தனியுரிமையாக இருந்தது. 1776இல் மலகாவுக்கு அருகே மச்சாரவியாயா என்னும் சிற்றூரில், அமெரிக்கக் காலனிகளுக்கு அனுப்புவதற்கென்றே ஓர் அரச சீட்டு ஆலை நிறுவினார்கள். 1816இல் அர்ஜென்டினா விடுதலையை அறிவித்தது. மன்னர் போனார், சீட்டிலிருந்த அரசன் மட்டும் போகவில்லை! இன்று அந்நாட்டிலேயே சீட்டு அச்சாகிறது. கடையில் வாங்கும் கட்டில் 50 இருக்கும். 8, 9, ஜோக்கர்களை ஒதுக்கிவிட்டு 40 சீட்டுடன் ஆடுவதே அவர்கள் உயிராய் நேசிக்கும் 'ட்ரூக்கோ'.

சீட்டின் ஓரத்தில் ஒரு நுட்பம் உண்டு. மேலும் கீழும் உள்ள சட்டக்கோடு நாணயத்தில் முழுதாக ஓடும். கிண்ணத்தில் ஓரிடத்திலும், வாளில் ஈரிடத்திலும், தடியில் மூன்றிடத்திலும் அறுந்திருக்கும். சீட்டை விரிக்காமல், விளிம்பைச் சற்றே நகர்த்தினாலே இனம் தெரிந்துவிடும்.

ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றில் இரண்டு பிடி எடுத்தவருக்கு வெற்றி. வரிசைதான் வேடிக்கை. வாள் 1 எல்லாவற்றிற்கும் மேல். அடுத்து தடி 1, வாள் 7, நாணயம் 7. பிறகு 3, அதன்பின் 2. அரசனை வெறும் 2 வெட்டிவிடும். ஒருவர் "ட்ரூக்கோ" என்று அறைகூவினால் பந்தயம் 1 புள்ளியிலிருந்து 2 ஆகும். மறுகூவலில் 3, அதற்கும் மேல் 4. எதிரி "வேண்டாம்" என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கூவியவர் கைச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கையில் ஒன்றுமில்லாதவனும் குரலின் உறுதியால் வெல்லலாம். ஜோடியாக ஆடுகையில் கூட்டாளிக்கு முகச்சாடை காட்டவும் அனுமதி உண்டு. வாள் 1 இருந்தால் புருவத்தை உயர்த்துவார்கள்.

நம் பாடத்துக்கு வருவோம். 40 சீட்டில் மூன்றைப் பெறும் வழிகள் 9880. 'என்விதோ' என்னும் உட்பந்தயத்தில், ஒரே இனச் சீட்டு இரண்டின் கூட்டலோடு 20 சேர்ப்பார்கள். படச்சீட்டுக்கு மதிப்பு சுழியம். ஆகவே உச்சம் 7+6+20=33. ஓரினத்து 7உம் 6உம் கையில் வந்து, மூன்றாவது எதுவாயினும் சரியென்றால், வழிகள் 4×38=152. 9880ஐ 152ஆல் வகுத்துப் பாருங்கள்: மிச்சமின்றி 65! அதாவது 65 முறைக்கு ஒருமுறை. இவ்வளவு சுத்தமான விடையை நான் எதிர்பார்க்கவில்லை.

சோதித்துப் பார்க்கும் ஆசையில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை 40 துண்டாக வெட்டி எண்ணும் இனமும் எழுதினேன். 650 முறை கலைத்துப் போட்டால் ஏறத்தாழ 10 முறை 33 வரவேண்டும். மூன்றாம் நாள் மாலை தந்தையார் பார்த்துவிட்டார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "காசு வெச்சா ஆடுவாங்க?" என்றார்.

"வைக்கிறவங்களும் உண்டுப்பா. ஆனா புள்ளி எண்ணறது அவரை விதைய வெச்சு. முப்பது புள்ளி எடுத்தா கெலிப்பு."

"பொய் சொல்றவன்தானே கெலிப்பான்?"

வாள் 1 ஒருவர் கைக்கு வர 100க்கு ஏழரை வாய்ப்பு என்று சொல்ல முடிந்தது. இதற்குக் கணக்கு தெரியவில்லை. "பயப்படாதவன் கெலிப்பான்ப்பா" என்றேன். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்து உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மீதியிருந்த 210 முறைக்கும் சுவரில் கோடு போட்டு எண்ணியவர் அவர்தாம். 33 வந்தது மொத்தம் 13 முறை.